பன்னிரண்டு வீட்டு வெளிச்சம்

நவம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

புயல் போய் ஆறு நாளாகிறது, இன்னும் கரண்ட் வரவில்லை. லைன்மேன் என்று ஊரெல்லாம் கம்பம் ஏறுகிறாய், கூடப்பிறந்தவள் தெரு மட்டும் உன் கண்ணில் படவில்லையா? போனும் செத்துக் கிடக்கிறது. பால் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று அமைச்சர் வந்தார். "போன ஆட்சியில நட்ட கம்பம், அதான் சாஞ்சிடுச்சு" என்றார். அவர் கார் திரும்புவதற்குள் எதிர்க்கட்சிக்காரர் வந்து, "எல்லாம் இவங்க லட்சணம்" என்றார். இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டது நான்தான். உள்ளே என் வீட்டுக்காரர், உன் மாமா, மூச்சுக்குத் திணறுவதை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவை மட்டும் நீ மெச்ச வேண்டும். பக்கத்து ஐஸ் கடைக்காரர் தன் ஜெனரேட்டரைக் கொடுத்துவிட்டார். தையல்காரர் அதன் வயரைக் கடை பிளக்கிலேயே சொருகி, தெருக் கம்பி வழியாகப் பன்னிரண்டு வீட்டுக்கும் கரண்ட் விட்டுவிட்டார். வீட்டுக்கு ஒரு விளக்கு. எங்களுக்கு மட்டும் கூடுதலாக மாமாவின் ஆக்சிஜன் மெஷின். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று. முறைபோட்டு ஜெனரேட்டர் பக்கத்தில் உட்காருகிறோம். டீசல் எத்தனை நாளைக்கு வருமோ தெரியவில்லை. யாரையாவது சீக்கிரம் அனுப்பு.

உன் அக்கா

நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எட்டுப் பேர் வேலையை மூன்று பேர் பார்க்கிறோம். பட்டியலில் உன் தெரு அடுத்த வாரம்தான். என்னோடு கம்பம் ஏறும் ஏணியிடம் சொன்னேன். உன் வீட்டில் சாப்பிட வந்து வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டானே, அந்த நெட்டையன்தான். "நம்ம அக்கா தெருதானடா, நான் போறேன். யாரு கேக்கப்போறா?" என்றான். நாளை மறுநாள் காலையில் வருவான்.

தையல்காரர் செய்திருப்பது பெரிய ஆபத்து. அறுந்த கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்பித்தான் நாங்கள் கை வைப்போம். கம்பியில் கரண்ட் இருந்தாலும் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் சங்கிலி எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அதையும் அமைச்சர் வீட்டுத் தெரு வேலைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கையுறையும் கிழிசல். ஏணியின் தலை தெரிந்ததுமே ஜெனரேட்டரை அணைத்துவிடு. அக்கா பார்த்துக்கொள்வாள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

நவம்பர் 16

அக்கா,

ஏணியை அடக்கம் செய்துவிட்டு வந்து இரண்டு நாளாகிறது. அமைச்சர் எதிர்க்கட்சியின் சதி என்கிறார். எதிர்க்கட்சிக்காரர்கள் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். எங்கள் ஆபீஸ் அறிக்கையில், குடித்துவிட்டுத் தானாக ஏறினான், தடுமாறி விழுந்தான் என்று எழுதப்போகிறார்களாம். ஒரு நாளும் அதைத் தொட்டவனில்லை அவன். அவன் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டு, "அவர் குடிச்சிருந்தாராண்ணே? நீங்களாவது சொல்லுங்க" என்று கேட்கிறாள்.

அன்று ஜெனரேட்டர் ஓடவே இல்லை என்று பன்னிரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி சொன்னார்களாம். நீயுமா அப்படிச் சொன்னாய்? அவன் உள்ளங்கை கருகியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். என்னிடம் மட்டுமாவது மறைக்காதே.

தம்பி

நவம்பர் 19

என் தம்பிக்கு,

அன்றைக்கு முறை என்னுடையது.

மாமா ராத்திரி முழுக்கத் திணறிவிட்டு, காலையில் மெஷின் போட்ட பிறகுதான் கண்ணயர்ந்தார். தெருமுனையில் ஏணி தோளில் கயிறோடு வந்தான். "அக்கா, டீ போட்டு வைங்க" என்று கையாட்டினான். உன் கடிதம் என் இடுப்பில்தான் இருந்தது. கம்பத்தில் ஏறிக் கயிறு கட்ட நேரமாகும், அதுவரை ஐந்து நிமிடம் இந்த மனுஷர் நிம்மதியாக மூச்சு விடட்டும் என்று நினைத்தேன். டீ போட உள்ளே போனேன். சுற்றி எல்லாத் தெருவிலும் ஜெனரேட்டர் சத்தம்தான், எங்களுடையதும் ஓடுகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? என் மேல் நம்பிக்கை வைத்துத்தானே தொட்டிருக்கிறான். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது கீழே கிடந்தான். டீ பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

அன்று மாலையே தெருவே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. "அக்காவை உள்ள வெச்சுட்டா மாமாவை யாரு பாப்பா? ஓடவே இல்லைன்னு சொல்லிடுவோம்" என்றார் தையல்காரர். விசாரிக்க வந்தவர்களிடம் நானும் அதையே சொன்னேன். வெளியே சொல்லும் தைரியம் எனக்கு இப்போதும் இல்லை. மாமாவுக்கு மூச்சுக் கொடுத்த தெரு இது, அதை எப்படிக் காட்டிக்கொடுப்பேன்? உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ என்ன செய்தாலும் சரி.

அக்கா

நவம்பர் 24

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போனேன். உன் கையெழுத்தில் எல்லாமே இருக்கிறது, கொடுத்தால் போதும். படிக்கட்டில் முக்கால் மணி நேரம் நின்றேன். மாமாவின் மெஷினை யார் போடுவார்கள் என்று நானும் நினைத்தேன். பட்டியலை மீறி அவனை அனுப்பியது நான் என்பதும் வெளியே வந்துவிடுமே என்று பயந்தேன். உள்ளே போய், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவன் குடித்திருந்தானா என்று கேட்டார்கள். அதற்கும் தெரியாது என்றேன். அவன் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

பொய் சொன்ன உன் தெருவில் இனி பதின்மூன்றாவது வீடு என்னுடையது.

உன் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அடுப்பில் போட்டுவிடு. இனிமேல் எனக்கு எழுதாதே.

நாளைக் காலை உங்கள் தெருக் கம்பியை இணைக்க நான்தான் வருகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன். ஜெனரேட்டர் பக்கத்தில் உன் முறையாக இருந்தால், வேறு யாரையாவது உட்காரச் சொல்.

தம்பி