104ஆம் கட்டடம், நூற்றுக்கு நூறு

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று பழைய பேப்பர் போடும் நாள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 105ஆம் கட்டடத்தின் கீழே கட்டுக் கட்டாகக் கிடந்ததற்குள் இந்த நோட்டு இருந்தது. யாரோ ஒரு பிள்ளை மூன்று பக்கம் கணக்குப் போட்டிருக்கிறது, மூன்று பக்கமும் தப்பு. ஆறாம் வகுப்போடு நின்றுபோன எனக்கே தப்பென்று தெரிகிறது என்றால் பார்த்துக்கொள்ளலாம். மீதியெல்லாம் வெள்ளை. இனி உங்கள் குறட்டையைத் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மதியம் மேலாளர் பாங், துப்புரவுக்காரிகள் நாங்கள் மூன்று பேரும் சாப்பிடும் அடித்தள அறைக்கு வந்தார். வாசலில் நின்றபடியே மூன்று பேர் போனிலும் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். இனி அன்றன்றைய வேலை காலையில் அதில் வந்துவிடுமாம். பதினைந்தாம் மாடிப் படி, பதினான்காம் மாடிப் படி, லிஃப்ட் கண்ணாடி, தபால் பெட்டி. ஒன்றை முடித்ததும் பக்கத்து வட்டத்தைத் தொட்டால் டிங் என்று சத்தம் வரும், அந்த வரி அடிபட்டுப் போகும். எல்லாம் அடிபட்டால் நூறு என்று காட்டித் திரை முழுக்கப் பூவாகக் கொட்டும்.

"சார், உங்க பேரை எழுதித் தொட்டா நீங்களும் அடிபட்டுப் போவீங்களா?" என்று கேட்டேன். மல்ஜாவுக்குச் சூப் புரையேறிவிட்டது. பில்சுன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சுட்ட கிழங்கைப் பிடிப்பதுபோல் போனைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 16, வியாழன்

எனக்கு நூறு. மல்ஜாவுக்கு நூறு. பில்சுன் அக்காவுக்கு நாற்பத்தொன்று.

வேலை பாக்கி இல்லை. 104இன் படியில் சோறு கொட்டிச் சாப்பிடலாம், அப்படித் துடைப்பார். விரல்தான் பிரச்சினை. முப்பது வருஷம் சோப்புத் தண்ணீரில் ஊறி ரேகையே தேய்ந்துவிட்டது. தொட்டால் போனுக்கு உறைப்பதில்லை. எழுத்தும் அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். டிசம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இந்தப் பட்டியலைப் பார்ப்பார்களாம், மேலாளர் நல்லபடியாகச் சொல்கிறார். நல்லபடியாகச் சொன்னால்தான் எனக்குப் பயம். அக்காவுக்கு அறுபத்திரண்டு ஆகிறது, எட்டு வருஷம் எனக்கு மூத்தவர். இந்த வேலை போனால் வேறு யார் கொடுப்பார்கள்?

"குடுங்க இங்க. நான் தொடுறேன். உங்களுக்கும் சேர்த்துப் பூ கொட்டட்டும்" என்று போனை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். தினமும் காலையில் வாங்கி, வீட்டுக்குக் கிளம்பும்போது கொடுத்துவிடுவதென்று பேச்சு.

அக்டோபர் 21, செவ்வாய்

இந்த ஆப்பில் சொந்த வேலைகளையும் எழுதலாமாம். முள்ளங்கி வாங்க. மின்சார மெத்தையின் தூசி தட்ட. வீட்டுக்காரரைத் திட்ட (தினமும்). மூன்றும் டிங், டிங், டிங். ஐம்பத்துநாலு வயதில் எனக்கு யாரும் இத்தனை தடவை சபாஷ் சொன்னதில்லை.

செய்யாததை இரவில் அதுவே கேட்கிறது, நாளைக்கு மாற்றவா என்று. வீட்டுக்காரரை விட மரியாதை தெரிந்தது.

அக்டோபர் 30, வியாழன்

முதலில் எல்லாம் அக்கா 104இன் படிக்கட்டு ஜன்னலிலிருந்து என் கட்டடத்தைப் பார்த்து மாப் துணியை ஆட்டிக் காட்டினால்தான் தொடுவேன். பத்தாம் மாடியில் ஆட்டினால் பத்தாம் மாடி வரி மட்டும். இப்போது ஜன்னலைப் பார்க்கவே மறந்துபோகிறது. எனக்குக் கை ஓயும்போது இரண்டு போனையும் எடுத்து வரிசையாகத் தட்டிவிடுகிறேன்.

இன்று சாப்பிடும்போது அக்கா கண்டுபிடித்துவிட்டார். "நான் இன்னும் கீழ் மூணு மாடி துடைக்கலைடி. முடிச்சப்புறம் தொடு."

"எப்படியும் முடிக்கத்தானே போறீங்க? இல்ல, கிம்ச்சியைத் தின்னுட்டு ஓடிப்போற யோசனையா?"

சிரித்தார். அந்தக் காரக் கோஸ் ஊறுகாயில் இன்னொரு துண்டு என் தட்டில் வைத்தார்.

எங்கள் அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. மூன்று ஜோடிச் செருப்பும் வாசலில் வந்து சேர்ந்தால்தான் ரைஸ் குக்கர் மூடியைத் திறப்போம். சூப் ஆறினாலும் சரி. ஆப் வந்ததிலிருந்து இதுவும் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. யார் எதுவரை முடித்தார்கள் என்றுதான் போனிலேயே தெரிகிறதே.

நவம்பர் 6, வியாழன்

ஞாயிறன்று மைத்துனர் மகன் கல்யாணம். நாளை அரை நாள் லீவு. முடி சுருட்டிக்கொள்ளப் போகிறேன், கெட்டியாக, ஆறு மாசம் தாங்குகிற மாதிரி.

நவம்பர் 8, சனி

எழுதிவிட வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது, இதிலாவது.

நேற்று பதினொரு மணிக்குக் கிளம்பினேன். பார்லரில் உட்கார்ந்ததும் பையில் கை விட்டால் இரண்டு போன். அக்காவின் போனைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. சிரிப்புத்தான் வந்தது. தலை முழுக்க உருளையைச் சுற்றிவிட்டார்கள், எழுந்து போகவும் முடியாது. சரி, இதையாவது செய்வோம் என்று அக்காவின் பட்டியலைத் திறந்து கடைசி வரை தட்டினேன். மணி 11.52. பூ கொட்டியது.

ஒன்று பத்துக்கு அக்காவின் போன் அடித்தது. அவர் மகள் ஹேரிம்.

"உங்கம்மாவா? பன்னிரண்டாம் மாடித் தாத்தாவோட ஓடிப்போயிட்டா. போனை எங்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கா" என்றேன்.

அவளும் சிரித்தாள். "காலையில தலை சுத்துதுன்னாங்க சித்தி. சாப்பிட்டாங்களா?"

"சாப்பாடென்ன, வேலையே முடிஞ்சுது கண்ணு. நூத்துக்கு நூறு. இரு, பட்டியலைப் படம் எடுத்து அனுப்புறேன்."

அனுப்பினேன். ஏன்டி அனுப்பினே. தட்டினது நீதானே. ஒண்ணேகால் மணி நேரத்துல நீ தட்டினதை நீயே நம்பிட்டியா?

அக்கா அப்போது 104இல் பன்னிரண்டாம் மாடிக்கும் பதினொன்றாம் மாடிக்கும் நடுவே கிடந்தார். பத்தரைக்கு விழுந்திருக்க வேண்டும், அந்த நேரத்துக்குத்தான் அவர் எப்போதும் அந்த மாடிக்கு வருவார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கத்தியிருக்கிறார். படிக்கட்டின் தீத்தடுப்புக் கதவுகள் எல்லாம் மூடியிருக்கும், லிஃப்ட் இருக்கும்போது யார் படியில் வரப்போகிறார்கள்? போன் என் பையில். மல்ஜா மதியம் பட்டியலைப் பார்த்துவிட்டு, நூறு ஆகிவிட்டது, அக்காவும் என்னோடு கிளம்பிவிட்டார் என்று நினைத்துத் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள். வாசலில் ஒரு ஜோடிச் செருப்புத்தான்.

நாலு மணிக்குப் பதினொன்றாம் மாடிப் பெண் படியில் வைத்திருந்த முள்ளங்கி மூட்டையை எடுக்க வந்து பார்த்திருக்கிறாள். உதடு நீலமாக இருந்ததாம்.

நவம்பர் 9, ஞாயிறு

கல்யாணத்துக்குப் போனேன். முடி நன்றாக இருக்கிறது என்று ஏழு பேர் சொன்னார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரி. அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. அக்கா பாதித் தூக்கத்தில் இருந்தார். ஹேரிம் என்னை வெளியே தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய் அந்தப் படத்தைக் காட்டினாள். "எனக்கு ஒண்ணுதான் புரியல சித்தி. 11.52க்கு எல்லாம் முடிச்சுட்டாங்க. அப்புறம் எதுக்கு மறுபடி மேல ஏறினாங்க?"

முடித்துவிட்டுத்தான் போனை என்னிடம் கொடுத்தார், அப்புறம் தெரியாது என்றேன். வாய் தானாகவே சொல்லிவிட்டது. எப்போதும் ஓடுகிற வாய்தானே.

திரும்பி வந்தபோது அக்கா விழித்திருந்தார். மேலாளரும் வந்திருந்தார், எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஞாபகமில்லீங்க" என்றார்.

ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

நவம்பர் 13, வியாழன்

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். காப்பி கலந்து கொடுத்தார், இதுவரை கொடுத்ததில்லை. பட்டியல்படி வேலை 11.52க்கு முடிந்துவிட்டது, ஆகவே அக்கா விழுந்தது வேலையில் இல்லை என்று கம்பெனி எழுதப் போகிறதாம். அப்படி எழுதினால் தொழிலாளர் காப்பீடு கிடைக்காது, வைத்தியம் முழுக்க ஹேரிம் தலையில். நான் காப்பியைக் குடித்து முடித்தேன். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மத்தவங்க போனைத் தொட்டதா யாராவது சொன்னா, அவங்களுக்கும் டிசம்பர் இருக்குல்ல."

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஆப்பில் எழுதினேன்: ஹேரிமிடம் உண்மையைச் சொல்ல.

நவம்பர் 14, வெள்ளி

நாளைக்கு மாற்றவா என்று கேட்டது. மாற்றினேன்.

நவம்பர் 17, திங்கள்

மாற்றினேன். வீட்டுக்காரருக்கு முட்டி வலி, வேலைக்குப் போகவில்லை. என் வேலையும் போனால்? இது காரணமா, சாக்கா? தெரியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

104ஐ இப்போது நான்தான் துடைக்கிறேன். பன்னிரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், வரிசையாகக் கறுப்புக் கோடுகள். மாப் கட்டையால் தட்டியிருக்கிறார். எத்தனை நேரம் தட்டினாரோ. துடைத்தால் போய்விடும். துடைக்கவில்லை.

அதைப் பார்த்த பிறகும் இரவில் மாற்றினேன்.

நவம்பர் 22, சனி

மல்ஜா சொல்லித்தான் தெரியும். அக்கா ஆஸ்பத்திரியை விட்டு வந்துவிட்டாராம். இன்னும் நாலு வாரம் நடைப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. காப்பீடு வராதென்று தெரிந்ததும், மகளுக்குப் பாரம் வேண்டாம் என்று பிடிவாதம்.

நான் ஒவ்வொரு இரவும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினது வெறும் வரின்னு நினைச்சேனா? அது அக்காவோட கால்.

நவம்பர் 24, திங்கள்

சொல்லிவிட்டேன். லீவு கேட்கவில்லை, மாப்பைச் சாத்திவிட்டு நேரே போனேன். ஹேரிம் வாசலிலேயே நின்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்: இரண்டு போன், பார்லர், தட்டியது, அப்புறம் சொன்ன பொய்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நான் போன் பண்ணப்ப மணி ஒண்ணு பத்து சித்தி. அப்பவே யாராவது போய்ப் பார்த்திருந்தா..." கதவைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்."

பிறகு காப்பீட்டு அலுவலகத்தில் காட்ட, நடந்ததை ஒரு தாளில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். எழுத்துப் பிழை இருக்கும். அந்த நோட்டுப் பிள்ளையின் கணக்கை இனிக் கேலி செய்ய மாட்டேன்.

டிசம்பர் 31, புதன்

அக்காவுக்குக் காப்பீடு ஒத்துக்கொண்டார்கள். மறுபடி பயிற்சிக்குப் போகிறார், ஆனால் நடுவில் விட்டுப்போன நாட்களுக்குக் கால் இறுகிவிட்டதாம். என் ஒப்பந்தம் இன்றோடு சரி. மல்ஜா கடைசியாக ரைஸ் குக்கரைத் திறக்காமல் காத்திருந்தாள். இரண்டு ஜோடிச் செருப்பு.

மார்ச் 18, புதன்

இப்போது பொதுக் குளியல் கூடத்தில் துண்டு துவைக்கும் வேலை. அங்கே பட்டியல் இல்லை, துண்டு குவிந்தால் வேலை, தீர்ந்தால் வீடு. முடிச் சுருள் பாதி தளர்ந்துவிட்டது. ஆறு மாசம் தாங்கும் என்றார்கள், நாலு மாசம்கூடத் தாங்கவில்லை.

இன்று மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். டிசம்பரிலிருந்து இது நாலாவது முறை. முதல் மூன்று முறையும் தூங்குகிறார் என்று ஹேரிம் சொல்லிவிட்டாள். இன்று அக்காவே கோலை ஊன்றி வந்து கதவைத் திறந்தார். வலது கால் தரையில் இழுபடுகிறது. நான் பார்க்காத மாதிரி கொண்டுபோன சுட்ட கிழங்கைப் பிரித்தேன்.

"இன்னும் அதே வாயா, இல்ல அதையும் கழட்டி வச்சுட்டியா?" என்று கேட்டார். நான் அழுதேன். அவர் கிழங்குத் தோலை உரித்து என் பக்கம் வைத்தார்.

பயிற்சிக்குப் போகும் நாட்களை ஆஸ்பத்திரி போனில் அனுப்புகிறதாம். போனேன் என்று அதில் தொட வேண்டும். போன் அவர் கழுத்தில், ஒரு கயிற்றில் தொங்குகிறது. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று ஹேரிம் உள்ளேயிருந்து சொன்னாள். அக்கா இரண்டு முறை தொட்டார், உறைக்கவில்லை. பழக்க தோஷம், நான் கையை நீட்டிவிட்டேன்.

அக்கா போனை மார்போடு சேர்த்துக்கொண்டார். கோபமில்லை. பையில் எதையோ பத்திரப்படுத்துவதுபோல.

"எந்த இடம்னு நீ சொல்லு. நானே தொடுறேன்."

மேலேயிருந்து இரண்டாவது வரி, இடது பக்க வட்டம் என்று சொன்னேன். விரலில் ஊதி ஈரமாக்கிக்கொண்டு தொட்டார். மறுபடி ஊதினார், மறுபடி தொட்டார். அது டிங் என்று சொல்லும் வரை என் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.