மூன்று தடவை கூப்பிட்டால்

1974 ஜனவரி 20, ஞாயிறு

எங்கள் பாத்திரக்கடைக்கு விடுமுறை. பொங்கல் விற்பனையில் பாத்திரம் எடுத்துக் கொடுத்த கை வலி இன்னும் போகவில்லை. சாயங்காலம் பனகல் பார்க்கில் ஸ்ரீரங்கனும் கய்யூமும் காத்திருந்தார்கள். கல்லூரி முடித்து இரண்டு வருஷம் ஆகியும் ஞாயிறு என்றால் எங்கள் மூவருக்கும் அந்த பெஞ்சுதான்.

இன்று பேச்சு காட்டைப் பற்றி. நாகலாபுரம் தாண்டி மலைக்குள் ஓர் அருவி இருக்கிறதாம். கய்யூமின் மாமா மூங்கில் வாங்கப் போனவர் பார்த்திருக்கிறார். குடியரசு தினம் சனிக்கிழமை வருகிறது. நாகலாபுரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து, ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்றான் கய்யூம்.

ஸ்ரீரங்கன்தான் இழுத்தான். "மார்ச்ல பேங்க் செலக்‌ஷன் மேட்ச் இருக்குடா. கை கால் முழுசா ஆத்துக்கு வந்து சேரணும்." அவன் லெக் ஸ்பின் போடுவதைப் பார்த்துத்தான் அந்த பேங்க் அவனைக் கூப்பிட்டிருக்கிறது. தேர்வாகிவிட்டால் வேலையும் சேர்த்தே கிடைக்கும்.

"நான் இருக்கேன்ல?" என்றேன். "வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு ஐயனார் கோயில் காட்டுல குடில் போட்டுத் தங்குறவங்க நாங்க." அது பொய்யில்லை. லாரி வைத்து நாற்பது பேர் போவோம், விடிய விடிய பெட்ரோமாக்ஸ் எரியும், நான் சித்திமார்களுக்கு நடுவில் படுத்துக்கொள்வேன் என்பதையெல்லாம் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

1974 ஜனவரி 25, வெள்ளி

மூர் மார்க்கெட்டில் பழைய ராணுவப் பைகள் மூன்று வாங்கினோம். அப்பா கித்தானும் இரண்டு பாத்திரமும் எடுத்துக் கொடுத்தார். ஸ்ரீரங்கன் அவன் அண்ணா வாங்கித் தந்த டிரான்சிஸ்டரைக் கொண்டு வருகிறான்.

அம்மா வழக்கமான பாட்டைப் பாடிவிட்டாள். "விளக்கு வச்ச பொறவு காட்டுல பேரு சொல்லிக் கூப்புட்டா உடனே ஏன்னு கேட்றாதல. மூணு தடவ கூப்புட்டாத்தான் மனுசன். மத்தது ரெண்டோட நிறுத்திரும்." தி.நகருக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகியும் அந்தி நேரத்தில் தெருவிலிருந்து யாராவது கூப்பிட்டால் முதல் இரண்டு தடவை என்னை வாசலுக்குப் போக விடமாட்டாள். பால்காரன்கூட இப்போது மூன்று தடவை கூப்பிடப் பழகிவிட்டான்.

1974 ஜனவரி 28, திங்கள்

ஸ்ரீரங்கனுக்குக் கால் முறிந்துவிட்டது. நேற்று சாயங்காலம்தான் அவனை மெட்ராஸ் கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை மதியம் அருவிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக நான்தான் தலைவன். எது புலி மூத்திர வாடை, எந்தச் செடியைத் தொடக்கூடாது என்று வாய்க்கு வந்ததை அளந்தேன். அம்மாவின் மூன்று தடவைக் கதையையும் சொன்னேன். ரெண்டு பேரும் சிரித்துவிட்டு, சரி அப்படியே செய்கிறோம் என்றார்கள். கித்தானைக் கட்டி அடுப்பு மூட்டியதும் கய்யூம் பால் வாங்கக் கிராமத்துக்கு இறங்கினான். "இன்னா மச்சி, தனியா இருந்துக்குவியா?" என்று கேட்டான். எனக்கென்ன என்றேன். கொஞ்ச நேரத்தில் ஸ்ரீரங்கனும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே மடுவுக்குத் தண்ணீர் மொள்ளப் போனான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

மடுவுக்குப் பக்கத்தில் பாசியில் வழுக்கி ஒரு பாறை விளிம்பில் விழுந்திருக்கிறான். அப்போது கணுக்கால் சுளுக்கு மட்டும்தான். என்னைக் கூப்பிட்டானாம். அருவிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. யாரும் வரவில்லை என்று தானே ஏறப் பார்த்து மறுபடி விழுந்ததில்தான் எலும்பு போய்விட்டது. கய்யூம் திரும்பி வரும் வழியில் முனகலைக் கேட்டுக் கண்டுபிடித்தான். மறுநாள் காலையில் ஊர்க்காரர்கள் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

எனக்குக் கேட்கவில்லை.

1974 ஜனவரி 29, செவ்வாய்

கேட்கவில்லை என்று எதற்கு இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்?

1974 பிப்ரவரி 2, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொடை வரை மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் ஸ்ரீரங்கன் சிரித்தான். "மூஞ்சியை ஏன்டா இப்படி வெச்சுண்டிருக்கே? அந்த அருவிச் சத்தத்துல நோக்கு எங்கே கேட்டிருக்கும்? நான் அவசரப்பட்டு ஏறினது என் தப்பு."

அவன் அம்மா பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் கூட இல்லேன்னா இவன் கதி என்ன ஆகியிருக்கும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை உருவிக்கொள்ளவும் தெரியவில்லை, வைத்துக்கொள்ளவும் கூசியது. காபி நன்றாக இருந்தது என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். வெட்கங்கெட்டவன்.

1974 பிப்ரவரி 3, ஞாயிறு

சரி, கேட்டது. இரண்டு தடவை கேட்டது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். இரண்டு தடவைதான் கேட்டது, அதனால் எழுந்து போகவில்லை என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ என் தலையைத் தடவி, "நல்லவேள போவாம இருந்தியே. அது அந்தப் பையன் குரல்ல கூப்புட்டிருக்கும்ல" என்றாள். ஐயனார்தான் காப்பாற்றினார் என்று சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

இலையை வழித்துச் சாப்பிட்டேன்.

1974 பிப்ரவரி 10, ஞாயிறு

மூன்று தடவை.

எழுதிவிட்டேன். என்னுடைய நோட்டில் எனக்கே பொய் எழுதிக்கொண்டிருந்தால் நான் எந்த ரகத்து ஆள்? பொன்ராஜ் என்று ஒரு தடவை. கொஞ்சம் இடைவெளி. இரண்டாம் தடவை. வாய் மட்டும்தான் காட்டுக்காரன். இருட்டும் நேரத்தில் அடுப்புக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தவன் வெறும் பாத்திரக்கடைப் பையன். மூன்றாவது தடவை கூப்பிட்டால் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது தடவையும் தெளிவாகக் கேட்டது. அவன் குரல்தான் என்று எனக்குத் தெரியும். எழுந்திருக்கவில்லை.

பயம். வேறொன்றுமில்லை. அம்மாவின் சாங்கியம் எனக்குச் சாக்கு, அவ்வளவுதான்.

1974 மார்ச் 16, சனி

கய்யூம் கடைக்கு வந்து சொன்னான். பேங்க் ஆட்டம் முடிந்துவிட்டதாம். ஸ்ரீரங்கன் இடத்துக்கு கோயமுத்தூர்ப் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டார்கள். வேலையும் அவனுக்குத்தான். இங்கே ஸ்ரீரங்கனுக்குக் கட்டுப் பிரித்தும் கால் சரியாக மடங்கவில்லை. இனி பந்து போடுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"இன்னாடா, பேயறஞ்ச மாதிரி கீறே?" என்றான் கய்யூம். அவன் போன பிறகு பரணில் ஏறி அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அப்பா கீழிருந்து என்னல சத்தம் என்றார். தூசி என்றேன்.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. பிப்ரவரியில் அதை எழுதக் கை வரவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகும் அவன் கூப்பிட்டான். நான்காவதாக வந்தது பேர்கூட இல்லை, "டேய்" என்றுதான் கேட்டது. நான் பக்கத்திலிருந்த டிரான்சிஸ்டரை எடுத்துத் திருகினேன். அந்த மலைக்குள் ஸ்டேஷன் எதுவும் எடுக்கவில்லை, வெறும் கரகரப்பு. அதைப் பெரிதாக வைத்துக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பிறகு யாராவது கேட்டால் கேட்கவில்லை என்று சொல்ல வசதியாக இருக்கும் என்று அப்போதே தோன்றிவிட்டது. அந்தப் பயத்திலும் புத்தி அவ்வளவு கணக்காக வேலை செய்திருக்கிறது. சீ.

1974 ஏப்ரல் 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மயிலாப்பூரில் திருவிழா இப்போதுதான் முடிந்திருக்கிறது. மாட வீதி முழுக்க நீர்மோர்ப் பந்தலுக்கு நட்ட மூங்கில்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கன் வீட்டுக் கூடத்தில் அவன் காலை நாற்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ஒரே மூச்சில் சொன்னேன். கேட்டதை, மூன்று தடவையை, டிரான்சிஸ்டரை.

நாற்காலி மேலிருந்த காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "வழியில நீதானேடா சொன்னே, மூணு தடவைன்னு? பயந்துக்கப் போறியேன்னுதான் நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டேன். நீ சொன்ன மாதிரியேதானே கூப்பிட்டேன்?"

அடுத்ததையும் அவனே கேட்டான்.

"என் டிரான்சிஸ்டரையா?"

ஆமாம் என்றேன்.

"பயம் வர்றது சகஜம். நேக்கும் அங்கே பயமாத்தான் இருந்தது. ஆனா இத்தனை நாளா எங்கம்மா உன் பேர்ல அர்ச்சனை பண்ணிண்டிருக்கா, தெரியுமா? அதுக்காவது வாயைத் திறந்திருக்கலாம். நீ போ. இப்போ போ."

வந்துவிட்டேன். சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. முன்பு என் முகத்தில் விழிக்க எனக்கு மட்டும்தான் பிடிக்காது. இப்போது அவனுக்கும் பிடிக்காது.

1974 ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. பார்க் பெஞ்சில் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

1974 மே 19, ஞாயிறு

கய்யூமிடமும் சொன்னேன். டீயைக் குடித்து முடித்தான். "அங்க விழுந்து கெடந்தவன் நானா இருந்தாலும் இதான் பண்ணியிருப்பே, இல்ல?" என்றான். டீக்கு அவனே காசு கொடுத்துவிட்டு எழுந்து போனான். ஆனாலும் அடுத்த வாரமே கடைக்கு வந்து, ஸ்ரீரங்கன் இப்போது கம்பு ஊன்றி மாட வீதி வரை நடக்கிறான் என்று அவனாகவே சொல்லிவிட்டுப் போனான்.

மேலே உள்ள கடைசி வரி மட்டும் மே 26 அன்று சேர்த்து எழுதியது.

1974 ஜூன் 30, ஞாயிறு

அம்மாவிடமும் மிச்சத்தைச் சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டது என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "பொறவு ஏம்ல போவல?" என்றாள். அந்தக் கேள்வியை அவளாவது கேட்டாளே.

1974 ஜூலை 14, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஆடி அமாவாசை. ஐயனார் கோயிலுக்கு அம்மாவும் அப்பாவும் நாளைக்குப் புறப்படுகிறார்கள். கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் நின்றுவிட்டேன். கூடம் முழுக்க மூட்டைகள். அம்மா விளக்கேற்றிவிட்டு உலக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் பொன்ராஜ் என்று யாரோ கூப்பிட்டார்கள். ஒரே ஒரு தடவை.

"பொறுல, ஒரு தடவதான..." என்று அம்மா ஆரம்பித்தாள். அதற்குள் நான் மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டேன். கடைசிப் படியில் தடுக்கி, செருப்பில்லாமல் தெருவில் போய் நின்றேன்.

ஸ்ரீரங்கன் கம்பை ஊன்றிக்கொண்டு விளக்குக் கம்பத்தில் சாய்ந்திருந்தான். இளைத்திருந்தான்.

"படி ஏறினா வலிக்கறது. அதான் கீழேர்ந்தே கூப்பிட்டேன்" என்றான். பிறகு என் காலைப் பார்த்து, "செருப்பைப் போட்டுண்டு வா" என்றான்.

"கோபம் போயிடுத்துன்னு நினைச்சுக்காதே" என்று உஸ்மான் ரோட்டில் நடக்கும்போது சொன்னான். "போகலை. ஞாயித்துக்கிழமை ஆத்துல உட்கார முடியலை, அவ்வளவுதான்."

சரி என்றேன்.

பனகல் பார்க் வரை போனோம். அவன் நடைக்கு என் கால் இன்னும் பழகவில்லை. இரண்டு தடவை என்னை அறியாமல் முன்னால் போய்விட்டேன். இரண்டு தடவையும் அவன் கூப்பிடுவதற்குள் திரும்பி நின்றேன்.