இசையில்லாத மூன்று நிமிடம்

ஆர்ஹுஸ்
14 நவம்பர் 1994

தோர்கில்,

இருபத்தெட்டு வருடமாக ‘அன்புள்ள’ என்று போட்டுத்தான் உனக்கு எழுதியிருக்கிறேன். இன்று கை வரவில்லை.

பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு வாரப் பழைய செய்தித்தாளைப் புரட்டினேன். ‘பிரேபென் படத்துக்கு இனி தோர்கில் இசை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே உன் போட்டோ. நான் வாங்கிக்கொடுத்த பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டுகிறாய். நான் இசையமைத்த படத்தை எடுத்துக்கொண்டாய், சரி. ஸ்வெட்டரையாவது கழற்றி வைத்துவிட்டுப் போஸ் கொடுத்திருக்கக் கூடாதா?

எட்டு மாதம் உழைத்தேன். நாற்பத்தொரு நிமிட இசை. பிரேபென் அதை ஒரு காபிக் கடையில் வைத்து ஐந்தே நிமிடத்தில் தூக்கி எறிந்தான். “தப்பா எடுத்துக்காத விபேக்கே. ஒரு கூட்டத்தக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். உன் இசை வந்தாலே ஜனங்க நெளியறாங்க. உனக்குக் காது மழுங்கிப்போச்சுன்னு நினைக்கிறேன்” என்றான். ஒரு இயக்குநர் ஐம்பத்திரண்டு வயதுக்காரியிடம் இதைச் சொல்கிறான். நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்னால் இருந்த ரொட்டியை முழுக்கத் தின்றுவிட்டு, “சரி” என்று எழுந்து வந்தேன். வெட்கக்கேடு.

நீ அந்த வேலையை எடுத்துக்கொண்டதற்காக நான் கோபப்படவில்லை. யாராவது எடுக்கத்தான் போகிறார்கள். ஆனால் நம் தொழிலில் எங்கும் எழுதிவைக்காத ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவனின் இசையைத் தூக்கிவிட்டு உன்னைக் கூப்பிட்டால், ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அவனுக்கு ஒரு போன் போட வேண்டும். அவ்வளவுதான். எழுபத்தொன்பதில் காய் என்ற கிழவர் இசையமைத்த படம் எனக்கு வந்தபோது நான் அவருக்குப் போன் செய்தேன். இருபது நிமிடம் வாய்க்கு வந்தபடி திட்டினார். கடைசியில், “போய்த் தொலை, நல்லாப் பண்ணு. ஹார்ப் வாசிக்கிற பொண்ண மட்டும் மாத்திடாத, பாவம் அது” என்றார். முன்பின் தெரியாத மனுஷருக்கு நான் செய்ததை நீ எனக்குச் செய்யவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைத்துவிட்டாய்.

ஸ்வீடன்காரர்கள் ஒரு தொடருக்குக் கேட்டிருந்தார்கள். ஆறு பகுதி. வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். பியானோவைத் திறந்து இருபது நாள் ஆகிறது. பிரேபென் சொன்னது நிஜம்தானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. இதைக் கேட்க எனக்கு இருக்கிற ஒரே ஆள் நீதான், அதனால்தான் இந்தக் கடிதம். என் இசையைக் கேட்டாயா? கேட்டிருந்தால் எப்படி இருந்தது? மோசம் என்றால் மோசம் என்றே சொல். தாங்கிக்கொள்வேன்.

போனில் கேட்டால் என்னைச் சிரிக்க வைத்துத் தப்பித்துவிடுவாய். அதனால் எழுதியே பதில் போடு.

விபேக்கே


கோபன்ஹேகன்
22 நவம்பர் 1994

அன்புள்ள விபேக்கே,

உன் கடிதத்தைப் படித்தபோது காது சுட்டது. லோனே என்னிடமிருந்து பிடுங்கி வாசித்துவிட்டு, “நல்லா வேணும் உனக்கு” என்றாள். கட்டிய மனைவியிடம் எனக்கு ஆதரவு அவ்வளவுதான்.

நான் ரெண்டு தடவை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. மூன்றாவது தடவை செய்திருக்க வேண்டும். தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஸ்வெட்டர் விஷயத்தில் எனக்கு வேறு வழியில்லை. என்னிடம் ஓட்டையில்லாமல் இருப்பது அது ஒன்றுதான்.

இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இந்தத் தொழிலில் தூக்கி எறியப்படாதவன் யார்? எண்பத்தாறில் அந்தக் கலங்கரை விளக்கத் தொடரில் என்னைத் தூக்கிவிட்டு இயக்குநரின் மச்சானைப் போட்டார்கள். அவனுக்குத் தெரிந்தது அக்கார்டியன் மட்டும்தான். நான் செத்தா போய்விட்டேன்?

என் இசையைக் கேட்டாயா என்று கேட்டிருந்தாய். இல்லை. ஒரு சுரம்கூடக் கேட்கவில்லை. எனக்கு வந்த வீடியோ கேசட்டில் பேச்சும் அலைச்சத்தமும்தான் இருந்தன. கேட்காத இசையைப் பற்றி நான் என்ன சொல்ல? கொஞ்ச நாள் ஓய்வெடு. நம் வயதில் ஓய்வு நல்லது.

கிறிஸ்துமஸுக்கு வா. லோனே வாத்து சமைக்கிறாள். போன வருடம் மாதிரி கருக விடமாட்டாளாம்.

உன்
தோர்கில்


ஆர்ஹுஸ்
5 மார்ச் 1995

தோர்கில்,

வாத்துக்கு ஏன் வரவில்லை என்று லோனே கேட்டிருப்பாள். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பாய். பொய் சொல்வது உனக்குச் சுலபமாக வருகிறது என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

அந்தப் படத்தைப் பார்க்கவே கூடாது என்று இருந்தேன். பிப்ரவரியில் ஒரு மதியக் காட்சிக்குப் போனேன். அரங்கில் என்னையும் சேர்த்து ஏழு பேர். துறைமுகக் காட்சியில் உன் இசை நன்றாக இருந்தது. இருந்ததை இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வலிக்கவில்லை, பார்த்தாயா?

பிறகு பூட்ஸ் காட்சி வந்தது. கடலில் மூழ்கிய மகனின் ரப்பர் பூட்ஸ் மட்டும் வீட்டுக்கு வருகிறது. அம்மாக்காரி அதைச் சமையலறைத் தொட்டியில் வைத்துக் கழுவுகிறாள். காமிரா அசையவே இல்லை. ஒரே ஷாட், வெட்டே கிடையாது. முதல் பூட்ஸைக் கவிழ்க்கிறாள், ஒன்றுமில்லை. இரண்டாவதைக் கவிழ்க்கிறாள், உள்ளேயிருந்து கடல்தண்ணீர் கொட்டுகிறது. அந்த இடத்தில் உன் இசை நின்றது. மூன்று நிமிடம் பத்து விநாடி சத்தமே இல்லை. அவள் துண்டை ஆணியில் மாட்டியதும் மறுபடி தொடங்கியது.

அந்த இருட்டில் எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் அந்தக் காட்சியில் என் இசை தொடங்கிய இடம் அதுதான். இரண்டாவது பூட்ஸ். முடிந்த இடமும் அவள் துண்டை மாட்டும் அதே இடம்தான். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. முதலில் அவள் உள்ளே வரும்போது தொடங்கினேன். பிறகு குழாயைத் திறக்கும்போது. பிறகு எல்லாரும் செய்வதுபோல முதல் பூட்ஸில். எல்லாவற்றையும் கிழித்துப்போட்டேன். உலகத்தில் எந்த இசையமைப்பாளனும் தானாக அந்த இரண்டாவது பூட்ஸுக்குப் போய்ச் சேரமாட்டான். பிரேபென் சொல்லியிருப்பான் என்று மழுப்பாதே. இசை எந்த இடத்தில் தொடங்கியது என்று அவனைப் பிடித்துக் கேட்டால் “எந்த இசை?” என்பான்.

நீ கேட்டிருக்கிறாய். தொடக்கம் முதல் கடைசி வரை, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு ‘ஒரு சுரம்கூடக் கேட்கவில்லை’ என்று எனக்கு எழுதினாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய்.

அதோடு விட்டாயா? நேற்று டிவியில் விருது விழா. சிறந்த இசைக்கு உனக்குத்தான். நிகழ்ச்சி நடத்திய பெண் மைக்கை நீட்டி, “மூணு நிமிஷம் இசையே போடாம விட்டீங்களே, அந்தத் துணிச்சல் எப்படி வந்துச்சு?” என்று கேட்டாள். நீ தலையைச் சாய்த்துக்கொண்டு, “சில இடத்துல இசையமைப்பாளன் வாய மூடிக்கணும்” என்றாய். என்ன கைதட்டல்! வாயை மூடிக்கொள்வதில் உன்னை மிஞ்ச ஆளில்லைதான், கல்லுளிமங்கா.

நான் எழுதுவதை விட்டு நாலு மாதம் ஆகிறது. முதியோர் இல்லத்தில் வியாழக்கிழமைகளில் பியானோ வாசிக்கிறேன். அவர்கள் பாடுகிறார்கள், நான் பின்னால் போகிறேன்.

நவம்பரில் கேட்டதையே திரும்பக் கேட்கிறேன். எப்படி இருந்தது?

விபேக்கே


கோபன்ஹேகன்
12 மார்ச் 1995

விபேக்கே,

கேட்டேன்.

எனக்கு அனுப்பிய கேசட்டில் உன் இசையை நீக்க மறந்துவிட்டார்கள். முதலில் சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்த்தேன். பூட்ஸ் காட்சி வந்ததும் என்னையறியாமல் கூட்டினேன். ரெண்டு வயோலாவும் காலால் மிதிக்கிற அந்தப் பழைய ஆர்மோனியமும். லோனே உருளைக்கிழங்கு உரிக்கிற கத்தியோடு வந்து கதவருகே நின்றாள். “யாரோடது இது?” என்றாள். “விபேக்கேவோடது” என்றேன். “இதையா தூக்கிப் போட்டாங்க? லூசா அவங்க?” என்றாள். “இதுக்குப் பதிலா எழுதத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க” என்றேன். கத்தியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் காட்சிக்கு ஒன்பது தடவை எழுதிப் பார்த்தேன். எல்லாமே உன்னுடையதாகத்தான் வந்தது. கடைசியில் பிரேபெனிடம் இங்கே எதுவும் வேண்டாம் என்றேன். “பைத்தியமாடா நீ? படத்தோட உசிரே இங்கதான் இருக்கு, இங்க போய்ச் சும்மா விடச் சொல்ற!” என்று குதித்தான். நான் மசியவில்லை. இரண்டாவது பூட்ஸிலிருந்து துண்டு வரை ஒரு சுரம்கூடக் கூடாது என்று அடம்பிடித்தேன். உன் இடத்தில் வேறு எவனும் உட்காரக் கூடாது என்று நினைத்தேன். நானும்கூட. அது என்னால் உனக்குச் செய்ய முடிந்த மரியாதை. நீயாவது அதைப் புரிந்துகொள்வாய் என்று இருந்தேன்.

உன் இசை நன்றாக இருக்கிறது என்று பிரேபெனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பான். மூன்று வருடமாக எனக்கு ஒரு படம் வரவில்லை, உனக்கே தெரியும். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நன்றாக இருந்தது என்று சொன்னால் ‘பிறகு ஏன் அந்த வேலையை எடுத்தாய்?’ என்று கேட்பாய். இன்னொன்றும் உண்டு. இசைப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து நீ ஒரு படி மேலேயே இருந்தாய். ஒரே ஒரு முறை நீ கீழே நின்றபோது, எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது. இதை லோனேயிடம்கூடச் சொல்லவில்லை.

எப்படி இருந்தது என்று கேட்டாய். நீ எழுதியதிலேயே சிறந்தது அதுதான்.

தோர்கில்


கோபன்ஹேகன்
2 ஏப்ரல் 1995

விபேக்கே,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. போனும் எடுக்க மாட்டேன் என்கிறாய். திட்டியாவது எழுது.

செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று நிமிட மௌனத்தின் பின்னால் உன் இசை இருந்தது, அதைக் கேட்டுத்தான் நான் நிறுத்தினேன் என்று எல்லாவற்றையும் அதில் சொல்லியிருக்கிறேன். விருதையும் திருப்பிக்கொடுக்கத் தயார். லோனே அதை ஏற்கெனவே செருப்பு அலமாரியில் போட்டுவிட்டாள். நீ ஒரு வார்த்தை சொல், நாளைக்கே அனுப்பிவிடுகிறேன்.

தோர்கில்


ஆர்ஹுஸ்
9 ஏப்ரல் 1995

தோர்கில்,

செய்தித்தாளுக்கு எழுதாதே. மௌனத்துக்கு ஒரு முறை கைதட்டல் வாங்கிவிட்டாய். இனி உண்மையைச் சொன்னதற்கும் வாங்குவாய். எவ்வளவு பெருந்தன்மையான மனுஷன் என்று நாலு பேர் எழுதுவார்கள், நான் அந்தக் கதையில் ஓரமாக அழுதுகொண்டு நிற்பேன். நல்லவன் என்ற பெயர் வேண்டுமென்றால் வேறெங்காவது போய்ச் சம்பாதி.

மார்ச்சில் வந்த உன் கடிதத்தை மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். பொறாமைப்பட்டேன் என்று எழுதியிருந்தாய். அதை மன்னித்துவிட்டேன். எனக்கும் உன்மேல் பொறாமை உண்டு. நீ போகிற இடமெல்லாம் எல்லாருக்கும் உன்னைப் பிடிக்கிறது, என்னைக் கண்டால் ஜன்னலைச் சாத்துகிறார்கள். வேலைக்கு ஆசைப்பட்டாய், அதையும் மன்னிக்க முடிகிறது.

நீ கேட்டுவிட்டு, அது உனக்குப் பிடிக்காமல் போயிருந்தால் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். மோசம் என்று எழுதியிருந்தால் அழுதிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், கோடையில் வழக்கம்போல உங்கள் வீட்டுக்கு வந்து நின்றிருப்பேன். உனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை, ஆறப்போவதும் இல்லை.

மரியாதை என்கிறாய். நீ அங்கே எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே என்ன செய்தேன் தெரியுமா? ஜனவரியில் காது டாக்டரிடம் போனேன். தலையில் எதையோ மாட்டி, கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து அரைமணி நேரம் சோதித்தார். “அருமையான காதும்மா உங்களுக்கு. என் காதே இப்படி இல்ல” என்றார். நான் அவரை நம்பவில்லை. அந்த இயந்திரத்துக்கு என்ன தெரியும் என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். நீ சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். ஊரில் எனக்கு நம்பிக்கையாக இருந்த காது உன்னுடையது ஒன்றுதான். என்னைச் செவிடி என்று நினைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும், இல்லை என்று தெரிந்த ஆள் கோபன்ஹேகனில் வாத்து தின்றுகொண்டிருந்தான்!

போன வாரம் நிலவறையிலிருந்து ஒலிநாடாக்களை எடுத்து வந்து நானே போட்டுக் கேட்டேன். நீ சொன்னது சரிதான், நன்றாக இருக்கிறது. நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, அதையும் நீ கவனித்திருப்பாய். மறுநாள் பியானோவைத் திறந்தேன். மீன்வளத் துறைக்காரர்கள் விலாங்கு மீனைப் பற்றி அரைமணி நேரப் படம் ஒன்று எடுத்திருக்கிறார்கள், இசைக்கு ஆள் கிடைக்கவில்லையாம். ஒப்புக்கொண்டேன். சிரிக்காதே, நல்ல படம். அந்த மீன்கள் எவ்வளவு தூரம் போகின்றன என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவாய்.

லோனேயிடம் நான் விசாரித்ததாகச் சொல். அவளுக்குத் தனியாக எழுதுவேன். உனக்கு இனி எழுதமாட்டேன், நீயும் எழுதாதே.

இத்தனை வருடமும் எதை எழுதினாலும் முதலில் உனக்குத்தான் வாசித்துக் காட்டினேன். நேற்று விலாங்குப் படத்தின் முதல் பகுதி முடிந்தது. காபி வடிகட்டும் தாள் கேட்டுக் கீழ்வீட்டு இங்கர் வந்தாள். முப்பது வருடம் பஸ் ஓட்டியவள், வயோலாவுக்கும் வயலினுக்கும் வித்தியாசம் தெரியாது. உட்கார வைத்து வாசித்தேன். முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “ரொம்ப நல்லா இருக்கு விபேக்கே. கடைசில ஒரு மீனுக்காகப் போய் அழவச்சிட்டியே என்னை” என்றாள்.

அதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

விபேக்கே