ஆஸ்பத்திரிக்குப் போன ஓட்டுப் பெட்டி

மாதா துணை

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
14-8-1934

ரங்கூனில் இருக்கும் என் பிரியமுள்ள கணவருக்கு டோரதி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் பிள்ளைகளும் சுகம். மழை விடாமல் பெய்கிறது, சமையலறை ஓடு ஒழுகுகிறது. மௌரீனுக்கு இருமல் குறைந்துவிட்டது. உங்களுக்கு அங்கே வயிற்றுக் கோளாறு சரியானதா என்று எழுதவும்.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு நம் சகாய சங்கத் தேர்தல் நடந்தது. தலைவர் பதவிக்கு அலெக்சாண்டர் மாமாவும் தச்சர் மதலைமுத்துவும் நின்றார்கள். பிரிஜெட் டீச்சர் கொண்டுவந்த புது விதி உங்களுக்குத் தெரியும். அங்கத்தினர் எல்லாரும் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டும், வர முடியாதவரிடம் பெட்டி போக வேண்டும். கட்டாயத்தில் போடுகிற ஓட்டில் மனசு இருக்காது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அலெக்சாண்டர் மாமாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் பேர்களை வாசித்துக்கொண்டே வந்து, "பெர்னார்ட்" என்றார். உங்கள் அண்ணன் பேர்தான். சங்கத்தில் செத்தால்தான் பேர் போகும், அதனால் அது அப்படியே இருந்திருக்கிறது. அவர் இருக்கும் குஷ்டரோக ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கொண்டுபோக ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் தனியாகக் கிளம்பினார். நானும் அவரோடு ஜட்கா வண்டியில் ஏறிவிட்டேன். கோபிக்காதீர்கள்.

அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. என் குரலைக் கேட்டுத்தான் எழுந்தார். விஷயத்தைச் சொன்னதும், "எம் பேரை இன்னும் அடிக்காமலா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அதையே மறுபடியும் கேட்டார்.

மாமாவுக்கு ஓட்டு என்றால் மொச்சைக் கொட்டை, மதலைமுத்துவுக்கு என்றால் புளியங்கொட்டை போட வேண்டும். இரண்டையும் முன்னால் வைத்தோம். அவருடைய விரல்கள் மடங்கிப் போயிருக்கின்றன. "யாருக்குன்னு சொல்லுங்க, நான் போடறேன்" என்றார் டீச்சர். "வேணாம் டீச்சர். கட்டாயம்னா எனக்கும் கட்டாயம்தானே? நானே போடறேன். நேரமாகும், திரும்பிக்கங்க" என்றார்.

திரும்பி நின்றோம். கொட்டை தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. மறுபடியும் விழுந்தது. உதவப் போகக் கால் துடித்தாலும் நான் திரும்பவில்லை. கடைசியில் பெட்டிக்குள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பூசையில் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது மணி அடித்தால் தலை தானாகக் குனியுமே, எனக்கு அப்படிக் குனிந்தது.

மண்டபத்துக்குத் திரும்பினால் வேறு தகராறு. அந்தப் பெட்டியை யார் தொடுவது, அதைத் தனியாக எண்ணுங்கள் என்று சிலர் கத்தினார்கள். அதில் இருந்தது ஒரே ஓட்டு. தனியாக எண்ணினால் அண்ணன் யாருக்குப் போட்டார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அப்போது அலெக்சாண்டர் மாமா எழுந்து வந்தார். "தனியா எண்ணினா அது பெர்னார்ட் ஓட்டு. சேர்த்து எண்ணினாத்தான் சங்கத்து ஓட்டு" என்று சொல்லி, கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பெட்டியை மற்ற ஓட்டுகளின் குவியலில் கவிழ்த்து, வெறுங்கையால் கலந்தார். பிறகு எண்ணினோம். மாமா தோற்றுவிட்டார். மதலைமுத்து அவர் காலில் விழப்போனதும் மாமா பிடித்து நிறுத்திக் கட்டிக்கொண்டார்.

உங்களோடு வாதாட எனக்குத் தெரியாது. அந்த விதி ஓட்டுப் போடுகிறவர்களைத்தான் கட்டும் என்று நானும் நினைத்திருந்தேன். அது எங்களையும் அல்லவா கட்டி, இத்தனை வருஷம் நாம் மிதிக்காத வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனது!

நான் புறப்படும்போது அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "தம்பிக்கு அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்குதா?"

பெரியப்பா பம்பாயில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தோமே, நேற்று பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர்கள் பயப்படவில்லை. ராத்திரி ஜெபத்தில் உங்கள் பேரை அடுத்து அவர் பேரையும் சொல்கிறார்கள். உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரி விலாசத்தைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு வரி போதும்.

ஆண்டவர் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள்
டோரதி