கடைவாசலில் நிற்கும் தம்பி

மார்ச் 3

அன்புள்ள சின்னவனுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணியும் நலம். உன் நலத்தை நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை, ஊரே அதைத்தான் செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அங்கே டிவிக்கு நீ கொடுத்த பேட்டியைப் பார்த்தேன். கடையில் டிவி ஓடிக்கொண்டே இருப்பதால் பார்க்காமல் தப்பிக்கவும் வழியில்லை. கோட்டு நன்றாக இருந்தது. அந்த ஊர் பாஷையில் பேச முயன்றதும் சரிதான், பிழைக்கப் போன இடத்தில் பேசித்தானே ஆகவேண்டும். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் கண்ணை மூடி, கையைத் தூக்கி, பரணில் எதையோ தேடுகிறவன் மாதிரி காற்றைத் தடவினாய் பார், அங்கேதான் நம் ஆட்கள் கேலிக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஏன் தோற்றீர்கள் என்று பேட்டி எடுத்த பெண் கேட்டதற்கு, பந்துக்கு எங்கள் மேல் பிரியம் இல்லை என்று சொன்னதாகக் கீழே எழுத்து ஓடியது. அவ்வளவுதான். டீயில் சர்க்கரை குறைந்தால், சர்க்கரைக்கு நம்ம மேல பிரியம் இல்ல என்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் லிப்ட் நின்றுபோனால் அதற்கும் அதே. நேற்று ஒருவன் ஜெர்சிக்குப் பேரம் படியாமல் கிளம்பும்போது கண்ணை மூடிக் கையைத் தூக்கி, "விலைக்கு என் மேல பிரியம் இல்ல முதலாளி" என்றுவிட்டுப் போனான். நானும் சிரித்தேன். அப்புறம் உள்ளே போய், ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகளைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

தகுதிச் சுற்றில் தோற்றதை இவர்கள் இன்னும் மறக்கவில்லை. தேசிய அணியின் கோச் வேலையை விட்டு நீ விலகினதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தாய். தோற்றவன் வீட்டோடு கிடந்தால் பாவம் என்பார்கள். வெளிநாடு போய்க் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் விடமாட்டார்கள்.

போனை ஏன் எடுப்பதில்லை? ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடு. மாடி அறை உன்னுடையது. கடைச்சரக்கு வாசல்வரை வழிந்தபோதும் அதில் நான் ஒரு அட்டைப்பெட்டியைக்கூட வைத்ததில்லை.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கிளப் கொடுத்த சின்ன வீட்டில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பயிற்சி மைதானம், அதற்குப் பின்னால் ஒரு கிடங்கு. குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

போனை அணைத்து வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். யார் யாரோ கூப்பிட்டு என் குரலில் பேசுகிறார்கள். முதலில் சிரிப்பும் சத்தமுமாக இருந்தது, அதைப் பொறுத்துக்கொண்டேன். இப்போது ஆன் செய்தாலே ஒருவன் கூப்பிடுகிறான், அவன் சிரிப்பதில்லை. என் குரலில், நான் தொண்டையைச் செருமுகிற மாதிரியே செருமி, "சாப்டியா?" என்று கேட்கிறான். நான் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் வண்டிச் சத்தமும் கூட்டத்தின் சத்தமும் கேட்கும். நம் ஊர்ச் சத்தம் அது, எனக்குத் தெரியாதா?

ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. நேராக வீட்டுக்கு வருவேன். இப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த மாடி அறை, அண்ணி கையால் ஒரு வாய் சோறு, கொஞ்ச நாள் யார் முகத்திலும் விழிக்காமல் இருக்கவேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்களை எனக்குத் தெரியும். இந்தக் கேலியைக் கடைக்குள் கொண்டுவராதீர்கள்.

உங்கள் தம்பி

ஏப்ரல் 10

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் யோசித்திருப்பேன். ஆளை வைத்தாகிவிட்டது.

பொறு, முழுவதும் படி. சிரிப்பும் ஒரு சரக்குதான். தெருவில் சும்மா கிடைக்கிறவரைக்கும் அதற்குக் கிராக்கி. அதையே கடைவாசலில் தொங்கவிட்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கொடுத்துப் பார், ஒரு சீசனில் புளித்துவிடும். மஞ்சள் கைப்பட்டை எல்லோரும் கட்டிக்கொண்டு அலைந்தார்களே, அதை ஒழித்தது யார்? நான்தான். வாசலில் கூடைகூடையாகக் கொட்டினேன், அப்புறம் ஒருவனும் கட்டவில்லை. நீ ஜூனில் வந்து இறங்கும்போது இந்தக் கேலி செத்துக் கிடக்கவேண்டும் என்பதற்காகத்தான் செய்கிறேன். ஜெர்சி நன்றாகப் போகிறது என்பதையும் மறைக்கவில்லை.

ஆள் ஒரு மிமிக்ரிக்காரன். கம்பெனி விழாக்களில் குரல் மாற்றிப் பேசிப் பிழைத்தவன். உயரம், தோள் எல்லாம் உன் வாகு. உன் பழைய டிராக் சூட்டைக் கொடுத்தேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. கடைப்பையன்கள் அவனுக்கு நகல் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஸ்டேடியம் கேட்டிலிருந்து கூட்டம் நேராக இங்கே வருகிறது. ஒரு போட்டோ, ஒரு சிரிப்பு, கையோடு ஒரு தொப்பி.

கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லவேண்டுமே என்று உன்னைப்பற்றி அவனுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரன், ஒருமுறை சொன்னால் போதும். தங்க இடமில்லாமல் பஸ் நிலையத்தில் படுத்துக்கொண்டிருந்தானாம். மாடியில் படுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வரும்போது காலி செய்துவிடுவான்.

உன் அண்ணிக்குத்தான் பிடிக்கவில்லை. சாப்பாட்டைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறாள்.

அன்புடன்,
அண்ணன்

மே 14

அன்புள்ள சின்னவனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபம் என்று புரிகிறது. ஆனாலும் நல்ல சேதி இருக்கும்போது எழுதாமல் இருக்கமுடியவில்லை. நான் சொன்னது நடந்துவிட்டது. வாசலில் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. கூட்டம் என்னவோ வருகிறது. வந்து நிற்கிறார்கள். அவன் கண்ணை மூடிக் கையைத் தூக்கினால் அமைதியாகிவிடுகிறார்கள். ஒருத்தர் தன் மகன் வேலைக்குப் போகமாட்டேன் என்கிறான், என்ன செய்யலாம் கோச் என்று கேட்டார். இன்னொருவர் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். அவன் பொறுமையாகச் சொல்கிறான். கடையில் இப்போது யாரும் நகல் என்பதில்லை.

போன வாரம் உன் பழைய கேப்டன் வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நான் கல்லாவை விட்டு எழுந்தேன். அவன் நேராக இவனிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு, "தோத்த அன்னைக்கு முழங்கால் வலிய மறைச்சுட்டு இறங்கினேன் கோச்" என்றான். இவன் அவன் தோளில் கையை வைத்து, "தெரியும்டா. குளியலறையில நீ தண்ணிய திறந்துவிட்டுட்டு அழுதப்பவே தெரியும். உன்னை வெளிய உட்கார வைக்க எனக்குத்தான் மனசு வரல" என்றான். கேப்டன் ஓவென்று அழுதுவிட்டான். நான் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது. இவனைக் கேட்டதற்கு, பேச்சுவாக்கில் வந்துடுச்சுண்ணா என்கிறான். தொழில்காரன், ஆளின் முகத்தைப் பார்த்து ஊகித்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

சப்ளையர் ஒருவன் ஏமாற்றப் பார்த்தபோது எனக்குத் தலை சூடாகிவிட்டது. சின்னவன் பின்னால் வந்து பிடரியைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டான். நகலைச் சொல்கிறேன். அப்பா போனதற்கப்புறம் நீ செய்வாயே, அதே இடம், அதே அழுத்தம்.

உன் அண்ணியும் சரியாகிவிட்டாள். கீழேயே உட்காரவைத்துப் பரிமாறுகிறாள். அவன் ஏதோ சொல்ல, சமையலறையில் அவள் சிரிக்கிறாள். இந்த வீட்டில் அவள் சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று.

அண்ணன்

மே 30

அண்ணா,

குளியலறையில் நடந்தது உண்மை. அங்கே நானும் கேப்டனும் தவிர ஒருவரும் இல்லை. தண்ணீர்ச் சத்தத்தில் அவன் அழுததை நான் கேட்டேன் என்பது அவனுக்கே தெரியாது. என் மனசுக்குள் மட்டும் இருந்த விஷயம் அது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் போனை ஆன் செய்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். "அண்ணா, நான்தான்" என்றேன். நீங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லாத்தான் பண்றப்பா. ஆனா எங்க ஆள் இப்படி இழுக்கமாட்டான்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் வைப்பதற்கு முன்னால், பின்னாலிருந்து யாரோ அண்ணியிடம் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அண்ணா, அது என் சிரிப்பு.

மறுபடி அந்தப் பேட்டியைப் போட்டுப் பார்த்தேன். அதில் இருப்பவன் ஒரு வார்த்தைக்கும் தடுமாறவில்லை. நிதானமாகப் பேசுகிறான், அந்தப் பெண் ரசித்துக் கேட்கிறாள். இங்கே கிளப்பில் என் அலமாரியைக் காலி செய்துவிட்டார்கள். கேட்டதற்கு, நீங்கள் போன மாதமே ஊருக்குப் போய்விட்டீர்கள் என்றல்லவா நினைத்தோம் என்கிறார்கள். கடையில் ரொட்டி கேட்டால் கடைக்காரருக்குப் புரிவதில்லை. கண்ணாடி முன்னால் நின்று நம் பாஷையில் பேசிப் பார்க்கிறேன். யாரோ என்னைக் கேலி செய்கிற மாதிரி கேட்கிறது.

அவனை அனுப்பிவிடுங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள், என்னைப்பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள், வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் இதைக் கேட்டுப்பாருங்கள். நீங்கள் கொடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், டிக்கெட் இல்லாமல் என்னைத் தோளில் தூக்கி மதிலுக்கு மேல் மைதானத்தைக் காட்டினீர்கள். முதன்முதலாக நான் மைதானத்தைப் பார்த்தது அன்றுதான். அப்போது உங்களிடம் ஒன்று கேட்டேன். என்ன கேட்டேன் என்று அவனிடம் கேளுங்கள். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அதை இங்கே எழுதலாம் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். நாக்கு நுனியில் இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது. வந்துவிடும். ஜூன் கடைசியில் டிக்கெட் போட்டிருக்கிறேன். விமான நிலையத்துக்கு நீங்கள் மட்டும் வாருங்கள்.

உங்கள் தம்பி, நான்தான்

ஜூன் 17

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு குடும்பத்தைப்பற்றி இவ்வளவு சிரமப்பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிற ஒருவரைப் பதில் இல்லாமல் விடுவது முறையில்லை என்று பட்டது.

நான் வியாபாரி. ரோட்டோரத்தில் கொடி விற்று மேலே வந்தவன், எனக்கு ஒளிவுமறைவாகப் பேச வராது. நீங்கள் சொன்னபடியே கேட்டேன். காலையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டேன், "மொதல்ல உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனேனே, அன்னைக்கு என்னடா கேட்ட?" என்று. அவன் யோசிக்கவே இல்லை. மறுபக்கம் ஷட்டரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே சொன்னான், "தோத்தவங்க எந்தப் பக்கமா வெளிய போவாங்கண்ணான்னு கேட்டேன். நீங்க பதில் சொல்லாம எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தீங்க."

அதுதான் நடந்தது.

நீங்கள் கேள்வியை மட்டும் அனுப்பினீர்கள். பதில் அவனிடம் இருந்தது. சரக்கைக் கண்ணில் காட்டாமல் விலை கேட்கிறவனோடு நான் வியாபாரம் செய்ததில்லை. உங்கள் கையெழுத்து அப்படியே என் தம்பியின் கையெழுத்து, அதை ஒப்புக்கொள்கிறேன். பழகினால் வரும். முன்னால் வந்த கடிதங்களைக்கூட எடுத்து வைத்துப் பார்த்தேன். நான் யாரை நினைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதிவந்தேன் என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை. என் தம்பி ஏப்ரலிலிருந்து என்னோடுதான் இருக்கிறான்.

என் மனைவி மட்டும் உங்கள் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். கடைசியில் கையெழுத்துப் போட்டிருக்கிற இடத்தை விரலால் தடவினாள். அன்று அவள் சாப்பிடவில்லை. வயதாகிறது, அவளுக்கு அடிக்கடி மனசு சரியில்லாமல் போகும்.

தம்பியிடம் காட்டலாமா என்று தயங்கினேன். காட்டினேன். அவன் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கோபம் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது. "பாவம்ணா, யாரோ. அந்தக் குளிர்ல தனியா கெடக்கிறார். திட்டி எழுதாதீங்க" என்றான். அவன் சொன்னதால்தான் இவ்வளவு மரியாதையாக எழுதுகிறேன்.

நீங்கள் வரவேண்டாம். வந்தால் விமான நிலையத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் வாசலில் இருக்கிற கூட்டம் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது, உங்களால் தாங்க முடியாது. இருக்கிற இடத்தில் நன்றாக இருங்கள். குளிருக்கு நல்ல கம்பளியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கமாக உறைமேல் உங்கள் ஊர் விலாசத்தைக் கூரியர்க்காரரிடம் கொடுத்துத்தான் எழுதி வாங்குவேன், அந்த எழுத்து எனக்கு வராது. இன்று அவர் வருவதற்குள் தம்பியே உறையை வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டான். எதையும் பார்க்காமல், தெரு, கதவு எண் எல்லாம். எழுதி முடித்ததும், "அந்த வீட்டுல ராத்திரி ஹீட்டர் நின்னுடும்ணா, சுவத்துல ஒரு தட்டு தட்டணும்னு எழுதுங்க" என்றான். எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கடை முதலாளி