கொலைகாரிக்கு ஒரு குரல்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. இவருடைய யூனிஃபார்ம் சட்டையை ஃபேனுக்குக் கீழே விரித்துவிட்டு இந்திரா நகர் போனேன். குரல் சோதனை.

சின்ன அறை. சுவர் முழுக்கப் பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் மஞ்சு, கன்னடக்காரர். இந்தப் பக்கம் நான், மைக், ஒரு பாட்டில் வெந்நீர். மஞ்சுவுக்குப் பக்கத்தில் பத்மா மேடம். கோயம்புத்தூர்க்காரர், ஒலிப்புத்தகம் தயாரிப்பவர்.

புத்தகம் ஒரு பழைய துப்பறியும் நாவல். மலை மேல் பங்களா. மழையில் பாலம் போய்விடுகிறது, யாரும் வெளியேற முடியாது. எஸ்டேட் முதலாளி செத்துக் கிடக்கிறார். வீட்டுக்குள் இருப்பவர்களில் ஒருவர்தான் செய்திருக்க வேண்டும். அத்தனை பேருக்கும் நான் ஒருத்தியே பேச வேண்டும்.

முதல் அத்தியாயம் படித்தேன். மேடம் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் படிக்கிறீங்க. ஆனா செத்தது யாரு, கண்டுபிடிக்க வந்தது யாருன்னே தெரியலைங்க."

உண்மைதான். கஸ்டமர் கேரில் இத்தனை வருடம் ஒரே குரலில் பேசியவள். கதையில் வருகிற எல்லோரும் கொஞ்ச நேரம் லைனில் காத்திருக்கச் சொல்வது போலவே இருக்கிறதாம். இது மஞ்சு சொன்னது.

வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதிலும் தேறாவிட்டால் வேறு ஆள். ஆபீஸை மூடியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். இந்த வேலை வேண்டும். ரொம்ப வேண்டும்.

வாங்க: ரவை, அதிமதுரம், இவருக்கு பிளேடு.

ஜூன் 4, புதன்

மேகம். மழை இல்லை. காலை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு ஊர் சுற்றல். அல்சூர் சந்தை, பஸ், மர்பி டவுன் மார்க்கெட். யார் பேசினாலும் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு பெண் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கிடைத்தவை:

டாக்டர் – கறிக்கடை ஜாபர் பாய். எதைச் சொன்னாலும் பதிலுக்குக் கேள்வி. எலும்பு வேண்டாம் என்றேன். "எலும்பு இல்லாம ஆடு நடக்குமாம்மா?"

வக்கீல் – பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு செருமல்.

சமையல்காரர் – கீரைக்கார அம்மா. குரலைக் கொஞ்சம் இறக்கினால் ஆணாகிவிடுகிறது. கடைசி எழுத்தை இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

செத்துப்போன முதலாளியின் தம்பி – இவர். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால் வருகிற குரல். முதல் வார்த்தை உச்சத்தில். கடைசி வார்த்தை காணாமல் போய்விடும்.

துப்பறியும் நடேசன் – எப்போதும் ஜலதோஷம். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்தேன். கேலி செய்வது போல இருக்கிறது. யோசிக்க.

சாப்பிடும்போது தம்பி வேஷத்தைப் பற்றி இவரிடம் சொன்னேன். நான் எங்கே அப்படிப் பேசுகிறேன் என்று கேட்டார். கடைசி வார்த்தை கேட்கவில்லை.

மிச்சம் தனலட்சுமி அம்மாள். பங்களாவை நிர்வாகம் செய்பவர். எல்லோருக்கும் காபி கொண்டுவந்து கொடுப்பவர். அவர்தான் கொலைகாரி. கடைசி அத்தியாயம் வரை யாருக்கும் சந்தேகமே வராது. ஊர் முழுக்கத் தேடியும் அவர் மட்டும் அகப்படவில்லை.

சாயங்காலம் மாடியிலிருந்து கஸ்தூரி அண்ணி இறங்கி வந்தார். இவருடைய அக்கா. வீடு அவருடையது, மேலே அவர் தனியாக, கீழே நாங்கள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"உப்பை யோசிச்சு யோசிச்சு போட்டிருக்கே போல."

மெதுவாக. அவர் எப்போதும் அப்படித்தான், சத்தமே வராது. கேட்க வேண்டுமென்றால் நாம்தான் குனிய வேண்டும். சொல்லிவிட்டு ஒரு சின்னப் புன்னகை. போய்விட்டார்.

உப்பு குறைவா, கூடுதலா, இன்னும் தெரியவில்லை.

தனலட்சுமி கிடைத்துவிட்டார். ஐயோ.

ஜூன் 6, வெள்ளி

தேறிவிட்டேன்!

தனலட்சுமி வாயைத் திறந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஞ்சு தானாகவே முன்னால் குனிந்தார். பார்த்துக்கொண்டே படித்தேன். முடித்ததும் அவர் கேட்டது: "யாரு மேடம் இந்த அம்மா? என் வீட்டுப் பக்கத்துல இருந்தா நான் வீடு மாத்திடுவேன்."

என் வீட்டு மாடியில்தான் என்று சொல்லவில்லை.

பத்மா மேடம் கையைப் பிடித்துக் குலுக்கினார். முழுப் புத்தகமும் எனக்கே. மெட்ரோவில் நின்றுகொண்டே சிரித்தேன், யார் பார்த்தால் என்ன. மைசூர் பாகு வாங்கினேன். இவர் தெரு முழுக்கப் போன் போட்டுச் சொன்னார்.

அண்ணிக்கும் கொண்டுபோனேன். என்ன வேஷமெல்லாம் போடுகிறாய், பேசிக் காட்டு என்றார். கம்பெனியில் வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். பொய்.

ஜூன் 13, வெள்ளி

நல்ல மழை. பதிவு நன்றாகப் போகிறது. கற்றுக்கொண்டவை: காலையில் தயிர் கூடாது. வளையல் கூடாது. காட்டன் புடவை, ஸ்டார்ச் போடாதது; சரசரப்பு மைக்கில் விழும். வயிறு நிறைந்திருக்க வேண்டும். நேற்று விசாரணைக் காட்சியின் நடுவில் என் வயிறு உறுமியது, மஞ்சு ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"இன்னொந்து சல, மேடம்." இன்னொரு தடவை. ஒரு நாளைக்கு இதை எத்தனை முறை கேட்கிறேன் என்று கணக்கில்லை.

இன்று எழுந்ததும் மூக்கு முழுக்க அடைப்பு. அழுகை வந்தது. மேடத்துக்குப் போன் போட்டு வர முடியாது என்று சொல்ல ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அந்தப் பக்கம் கத்தல்: அப்படியே கிளம்பி வாங்க, மாத்திரை எதையும் போட்டுடாதீங்க!

துப்பறியும் நடேசன் பேசுவதை எல்லாம், புத்தகம் முழுக்க, ஒரே நாளில் முடித்தோம். தும்மல்கூட அசல். மஞ்சு இஞ்சிக் கஷாயம் வரவழைத்து வைத்திருந்தார், ஆனால் வேலை முடிகிறவரை கொடுக்கவில்லை. குணமாகிவிடுமாம்.

ஜூன் 18, புதன்

சிக்கல்.

கடைசி அத்தியாயம். மாட்டிக்கொண்ட தனலட்சுமி எல்லாவற்றையும் சொல்கிற இடம். நான்கு பக்கம் அவர் மட்டுமே பேசுகிறார். ஏன் செய்தேன், எப்படிச் செய்தேன், இத்தனை வருடம் இந்த வீட்டில் என்னவாக இருந்தேன்.

படித்தேன். மஞ்சு குனியவில்லை. மேடம் இல்லையென்று தலையை ஆட்டினார். அந்த அம்மா திடீரென்று வேறு ஆளாகிவிட்டாராம். நான்கைந்து விதமாகப் படித்துப் பார்த்தேன். எல்லாமே பொய்.

காரணம் எனக்குத் தெரியும். அண்ணி சொல்லும் ஒற்றை வரிகள்தான் என் காதில் இருக்கின்றன. குழம்பு, கோலம், என் முடி, இவருடைய சட்டைக் காலர். அதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே வீடு. நான்கு பக்கத்துக்குப் போதுமான பேச்சு இல்லை.

மேடம் அடுத்த புதன்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார். தனலட்சுமிக்கு மட்டும் வேறு ஒருவரைப் போடலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

காஸ் புக் பண்ண.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது. நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கேழ்வரகு அடை செய்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அண்ணி புத்தர் படத்துக்குச் செம்பருத்தி வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அடையைப் பற்றிப் பேசினோம். முருங்கைக்கீரையைப் பற்றிப் பேசினோம். பிறகு நேராகவே கேட்டேன், அத்தனை மிஷின் ஓடுகிற இடத்தில் இவ்வளவு மெதுவாகப் பேசினால் எப்படி வேலை நடக்கிறது என்று.

"கத்தினா யாருக்கும் கேக்காது, சுமதி. மிஷின் நம்மளவிட நல்லா கத்தும். மெதுவா பேசினா கிட்ட வருவாங்க. கிட்ட வந்தாத்தான் மூஞ்சி தெரியும். சாப்டாளா, அழுதாளா, ஜுரமான்னு."

நான் அடையைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணி மெதுவாகப் பேசும்போதெல்லாம் ஊசி குத்த வருகிறார் என்று ஓர் அடி பின்னால் போகிறவள் நான்.

அன்றைக்கு உப்பு குறைவா, கூடவா என்று கேட்டேன். அண்ணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு சொன்னார், தம்பிக்கு பிரஷர் இருக்கிறதே, அதற்காகத்தான் அளந்து போட்டிருக்கிறாய் என்று சந்தோஷப்பட்டேன் என்று. பாராட்டு! பாராட்டியிருக்கிறார்!

அதற்கப்புறம் பேசினார். தையல் லைனில் முதல் வேலை, கத்துகிற ஒரு சூப்பர்வைசர், அண்ணியின் கணவர் இல்லாமல் போன வருடம், இவரைப் படிக்க வைத்தது. ஒரே வேகத்தில், குரல் ஏறாமல். சோகமான இடத்தில் நின்று எதையாவது எடுத்து வைப்பார். அடைத் தட்டு, சீப்பு, தண்ணீர்ச் சொம்பு. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலைக்காகப் போனவள், பாதியில் வேலையை மறந்துவிட்டேன்.

மறந்ததால்தான் வாயில் வந்துவிட்டது. "அண்ணி, நான் ஒண்ணு பண்ணிட்டேன். புத்தகத்துல ஒருத்தருக்கு உங்க குரலை வெச்சிருக்கேன்."

"யாருக்கு?"

"பங்களாவை நிர்வாகம் பண்ற அம்மா."

"நல்லவளா?"

"கொலை பண்றவங்க."

அண்ணி சொம்பைக் கீழே வைத்தார். மூட்டை முடிச்சோடு ஊருக்கு வெளியே சந்தாபுரா பக்கம் வாடகை வீடு தேடுவது வரை மனசில் ஓடிவிட்டது.

"எத்தனை பேரை?"

"ரெண்டு பேரை, அண்ணி."

"மாட்டிக்கறாளா?"

"கடைசியிலதான்."

"அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியலையா?"

"ஒருத்தருக்கும் தெரியல."

"அப்ப கெட்டிக்காரிதான்," என்றார். பிறகு அந்த நான்கு பக்கத்தையும் கொண்டு வரச் சொன்னார்.

கண்ணாடி போட்டுக்கொண்டு, உதடு அசைய, இரண்டு தடவை படித்தார். தனலட்சுமி உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல மாட்டாள் என்றார். இத்தனை வருடம் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தே பழகியவள், கடைசியிலும் நின்றுகொண்டுதான் பேசுவாள், கை சும்மா இருக்காது. அழவும் மாட்டாள். அழுகிறவளாக இருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பாள், கொலை வரைக்கும் போயிருக்க மாட்டாள்.

கீழே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. இவர் காபிக்காகக் காத்திருந்தார். அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன். போட்டார். சுமார்.

ஜூன் 25, புதன்

முடிந்தது.

நாற்காலியை நகர்த்திவிட்டு நின்றேன். மைக்கை உயர்த்தினார்கள். பேசிக்கொண்டே பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். டக் என்று சத்தம். மஞ்சு நிறுத்தப் போனார், மேடம் அவர் கையைப் பிடித்துவிட்டார். நிறுத்தாமல் நான்கு பக்கமும்.

கடைசி வரி முடிந்ததும் இன்னொந்து சல வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மஞ்சு மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜலதோஷம் என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதாம்.

ஜூலை 9, புதன்

காற்று. ஒலிப்புத்தகம் ஆப்பில் வெளியாகிவிட்டது, தினம் ஓர் அத்தியாயம். முன்பக்கத்தில் என் பெயர். இவர் அதைப் படமெடுத்து எனக்கே அனுப்பினார்.

அண்ணி மதியச் சாப்பாட்டு நேரத்தில் லைன் பெண்களுக்குப் போனில் போட்டுக் காட்டுகிறார். சாயங்காலம் வந்ததும் நேராக என்னிடம் அறிக்கை. யார் யாரைச் சந்தேகப்படுகிறார்கள், யார் யாரோடு சண்டை. பாதிப் பேர் டாக்டர் என்கிறார்களாம். ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. குரலை மட்டும் கேட்டுவிட்டு, தம்பி பொய் சொல்கிறான் என்று கையை ஆட்டிச் சொன்னாளாம். இவருக்குக் கோபம். ராத்திரி சாப்பாடு வரைக்கும் நீடித்தது.

தனலட்சுமியைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். இந்த அம்மா உங்களை மாதிரியே தங்கமானவங்க மேடம் என்றாளாம் ஒருத்தி. அண்ணி அவளுக்கு ஊறுகாய் வைத்தாராம்.

ஜூலை 18, வெள்ளி

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. இன்றைக்குக் கடைசி அத்தியாயம்.

எனக்குக் காலையிலிருந்து கை ஓடவில்லை. ரசத்தில் புளி போட மறந்தேன். கம்பெனி பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் வாசலுக்கே போய்விட்டேன். அண்ணி மாடிக்குப் போகவில்லை. குடையை மடக்கி வைத்துவிட்டு எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் கிட்டப் போய் உட்கார்ந்தேன்.

"நாலு பக்கமும் ஓடிச்சு. ஒருத்தியும் சோத்துல கை வைக்கல. முடிஞ்சதும் அப்படியே எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாளுங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"டிபன் டப்பாவ மூடினேன். போலாமான்னு கேட்டேன்."

மத்தியானம் ஒருத்திகூட பாத்ரூம் பக்கம் போகவில்லையாம். அன்றைக்குத் தைக்க வேண்டிய டார்கெட் சீக்கிரமே முடிந்து, மேனேஜர் இறங்கி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாராம்.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணியும் சிரித்தார், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து. இதை உடனே எழுதி வைக்க வேண்டும் என்று படுக்கையறைக்கு ஓடி வந்தேன்.

இவர் இப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றுகிறார். என்ன சிரிப்பு என்று கேட்கிறார். அண்ணி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். திரும்பிப் பார்த்த இடம் வரப்போகிறது. போகிறேன்.