அழகுக்காக வெட்டிய இலக்கங்கள்

சேசு மரி சூசை துணை

பெங்களூரில் இருக்கும் மருமகன் சிஜோவுக்கு மாமனார் ஏசுஅடிமை எழுதுவது.

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் பிடித்த கைக்குப் பேனா வழுக்குகிறது. இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. எழுபத்தொரு வயதில் நான் எழுதும் முதல் கடிதம். அது உங்களைத் திட்டுவதற்கு அமைந்ததில் எனக்கு மெத்த சந்தோஷம்.

மகள் லிஜி சுகமாக இருப்பாள் என்று நம்புகிறேன். இங்கே யாரும் சுகமில்லை.

ஆபத்து வந்தால் அழுத்தச் சொல்லி நம் ஊர் வள்ளக்காரர்களுக்கு நீங்கள் செய்து கொடுத்த ஆப்பை, போன மாதம் கடலுக்குப் போன சிலுவை அழுத்தினான். வள்ளம் கவிழ்ந்து, மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்துக் கிடந்தான். அவன் இருந்த இடம் உங்கள் மச்சினன் ஜெஃப்ரினின் போனுக்கு வந்தது. ஜெஃப்ரின் அரை மணியில் அங்கே போய்ச் சேர்ந்தான். ஆளில்லை. எண்ணெய் தீரப்போகும்வரை சுற்றிவிட்டுத் திரும்பினான். ஆறு மணி நேரம் கழித்து மணவாளக்குறிச்சி வள்ளம் ஒன்று சிலுவையைத் தூக்கியது. உயிர் இருக்கிறது.

ஆனால் ஜெஃப்ரின் அங்கே போனதை ஊர் நம்பவில்லை. பூசை முடிந்ததும் சிலுவையின் பெண்டாட்டி கிரேசி எல்லார் முன்னாலும் கேட்டாள், "ஏலே, பாதிக் கடல்ல நின்னு பீடி வலிச்சிட்டுதானே வந்த?" ஜெஃப்ரினோடு யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது என்று ஊர்க் கமிட்டி சொல்லிவிட்டது. அவன் வள்ளம் இருபது நாளாக மணலில் கிடக்கிறது. நான் போனில் கேட்டபோது நீங்கள் சொன்னீர்கள், "ஆப் சரியாத்தான் இருக்கு மாமா. எழுத்து தெரியாத உங்களுக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாது."

இப்போது எழுத்து தெரியும். ஒரு வருடமாகப் போகும் ஷைஜா டீச்சரின் முதியோர் வகுப்பில் புள்ளி வைத்த எண்வரை வந்துவிட்டேன். இரண்டு போனிலும் அன்றைய செய்தியை எடுத்து வைத்து வாசித்தேன். இடத்தைக் காட்டும் எண்கள் சிலுவை போனில் 8.0448, 77.2551. ஜெஃப்ரின் போனில் 8.04, 77.26. படித்தவர்கள் எல்லாம் ஒரே பார்வையில் சரி என்று போனார்கள். நான் விரல் வைத்து வாசிக்கிறவன். விரல் பாதியில் நின்றது.

டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டினார். முக்கால் கிலோமீட்டர் வித்தியாசம். அலை எழும்பிக் கிடக்கும்போது நூறடி தள்ளினாலே மனிதத் தலை தெரியாது. நாலு இலக்கமும் போயிருந்தால் வள்ளத்தின் நீளத்துக்குள் வந்திருக்கும். கிறிஸ்துமசுக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னீர்களே, "நீளமா இருந்தா ஸ்கிரீன் பார்க்க நல்லா இருக்காது மாமா, புள்ளிக்குப் பிறகு ரெண்டு போதும், ஒரே வரியில ரவுண்ட் பண்ணிட்டேன்" என்று.

போன வாரம் ஆப் புதிதாக மாறியது. இப்போது நாலு இலக்கம் வருகிறது. அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். ஆப்பைத் திருத்த மனம் வந்தது, ஜெஃப்ரினுக்காக வாய் திறக்க வரவில்லை.

நான் சொன்னால் மகனுக்காகச் சொல்கிறான் என்பார்கள். ஞாயிறு பூசைக்கு வந்து நீங்களே ஊர் முன்னால் சொல்லுங்கள். மருமகனுக்குரிய நெய்மீனும் மரியாதையும் வீட்டில் குறையாது.

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியார் உங்கள் நாக்கையும் கண்டுபிடித்துத் தரட்டும்.

வராவிட்டால் அடுத்த வாரம் இதையே மறுபடி எழுதுவேன். எழுத எழுதக் கையெழுத்து தெளிவாகும் என்கிறார் டீச்சர். தெளிந்த பிறகு கோவில் சுவரில் ஒட்டினால் எல்லாருக்கும் வாசிக்க வரும்.

இப்படிக்கு,
ஏசுஅடிமை
(நானே போட்ட கையெழுத்து)